டிரபீசியம் என்றால் நாற்காலியா?

பாளைக்காரன்:
வீட்டுச் சண்டை ஒன்றுக்கு நடுவர் வேண்டும். என் மகள் எட்டாம் வகுப்பு. தங்கை மகன் நியூ ஜெர்சியில் அதே வகுப்பு. ஞாயிறு இரவு வீடியோ காலில் இரண்டும் வீட்டுப்பாடத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கங்களில் ஒரு ஜோடி மட்டும் இணையாக இருக்கும் நாற்கரத்தை இவள் "சரிவகம், இங்கிலீஷில் டிரபீசியம்" என்கிறாள். அவன் "அது டிரபிசாய்டு, டிரபீசியம் வேற" என்கிறான். அவனுக்கு டிரபீசியம் என்றால் எந்தப் பக்கமும் இணையாக இல்லாத நாற்கரமாம். இருவரும் பாடப்புத்தகத்தைக் கேமரா முன் காட்டினார்கள். இரண்டு புத்தகமும் அச்சுப்பிழை இல்லாமல், தெளிவாக, ஒன்றுக்கொன்று நேர் எதிராகச் சொல்கின்றன.

சரி, பெயருக்கு என்ன அர்த்தம் என்று பார்த்தால் தீர்ந்துவிடும் என்று அகராதியைப் புரட்டினேன். கிரேக்கத்தில் "சிறு மேசை" என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று மேசை இருக்கிறது. மூன்றும் செவ்வகம். எந்த ஊர் மேசை ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் அகன்று இருக்கிறது?

சும்மா ஒருத்தன்:
நர்சரிப் பள்ளிக்கூடத்தில் இருக்குமே! இரண்டைச் சேர்த்துப் போட்டால் அறுகோணமாகிவிடும் பிளாஸ்டிக் மேசை. வடிவியல் எழுதிய கிரேக்கர் யூக்ளிட் எல்கேஜியில் உட்கார்ந்து யோசித்திருப்பார்.

வேர்ச்சொல் பித்தன்:
மேசையின் பலகையைப் பார்த்தால் விடை கிடைக்காது, காலைப் பாருங்கள்.

கிரேக்கத்தில் மேசைக்குத் திராபெசா என்று பெயர். அது தேய்ந்த சொல். "தெத்ரா" என்றால் நான்கு, "பெசா" என்றால் கால், பாதம். முன்னால் இருந்த "தெ" உதிர்ந்துபோனது. ஆக, நாலு கால் உள்ளது. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். நமக்கு ஒரே சொல் போதும்: நாற்காலி. அவர்கள் நாலு காலை மேசைக்கு வைத்தார்கள், நாம் உட்காருவதற்கு வைத்தோம். அவ்வளவுதான் வித்தியாசம். டிரபீசியம் (திராபேசியன்) என்பது அந்தச் சொல்லின் செல்ல வடிவம், அதாவது "குட்டி நாற்காலி".

சொல் ரொம்பப் பழையது. தென் கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 1200 வாக்கில், அரண்மனைச் சாமான் பட்டியல் ஒன்று இருக்கிறது. லீனியர் பி என்ற எழுத்து, 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியது. அதில் "தொ-பெ-சா" என்று மேசைகள் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலில் சில மேசைகளுக்கு ஆறுகால், ஒன்பதுகால் என்று படிக்கத்தக்க அடைமொழிகளும் இருக்கின்றன. அப்போதே "நாலுகால்" என்ற பொருள் மறந்து, சொல் வெறும் மேசைக்குப் பெயராகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நாம் ஐந்து சக்கரம் வைத்துச் சுழலும் ஆபீஸ் சாமானை நாற்காலி என்று சொல்வதில்லையா, அப்படி.

பிற்காலக் கிரேக்க ஜாடி ஓவியங்களில் விருந்து மேசைகளுக்குப் பெரும்பாலும் மூன்று கால்தான். சிசிலியில் இருந்த எபிகார்மஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரர் இதை வைத்தே ஒரு கேலி எழுதியிருக்கிறார். ஒருவன் "இது என்ன?" என்கிறான். "முக்காலி." "பிறகு ஏன் நாலு கால்? இது முக்காலி இல்லை, நாற்காலி!" இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடி ஜோக். தமிழில் சொன்னால் அப்படியே உட்காருகிறது, ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

சும்மா ஒருத்தன்:
அப்போ சரிவகம் = குட்டி நாற்காலி. நாளைக்கு வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

பாளைக்காரன்:
நாற்காலி அருமை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறதே! யூக்ளிட் எந்த நாற்காலியைப் பார்த்து இந்த வடிவத்துக்குப் பெயர் வைத்தார்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அவர் இந்த வடிவத்துக்குப் பெயர் வைக்கவே இல்லை ஐயா. அங்கேதான் விஷயம்.

யூக்ளிட் நூலின் முதல் புத்தகம், 22ஆம் வரையறை. நாற்கரங்களை வரிசையாகச் சொல்கிறார். சதுரம் ஒன்று. பக்கங்கள் சமமில்லாமல் கோணங்கள் நேரான நீள்சதுரம் ஒன்று. சாய்சதுரம் ஒன்று. சாய்சதுரம் போல இருந்து எல்லாப் பக்கமும் சமமில்லாதது ஒன்று (நம் இணைகரம்). இந்த நான்கையும் தவிர்த்த மற்ற நாலுபக்க உருவங்களை எல்லாம் டிரபீசியம் என்று சொல்லிக்கொள்வோம் என்று முடித்துவிடுகிறார். அதாவது மிச்சம் மீதி போடும் கூடை. "நாலு கால் இருக்கு, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை" என்பதுதான் அந்தப் பெயர். இணைப் பக்கம் உண்டா இல்லையா என்று அவர் அந்த வரையறையில் கவலைப்படவில்லை. இணைகோடு என்றால் என்ன என்று வரையறுப்பதே அடுத்த 23ஆம் வரையறையில்தான்.

கூடையைப் பிரித்துப் போட்டது பிற்காலத்தில். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புரோக்ளஸ் என்ற தத்துவ ஆசிரியர் யூக்ளிடின் முதல் புத்தகத்துக்கு உரை எழுதினார். தனக்கு ஐந்து நூற்றாண்டு முந்திய பொசிடோனியஸ் வகுத்தது என்று சொல்லி ஒரு பிரிவைக் கொடுக்கிறார்: ஓரிணைப் பக்கம் மட்டும் இணையாக இருந்தால் டிரபீசியம், ஒன்றுமே இணை இல்லையென்றால் டிரபிசாய்டு, அதாவது "மேசை மாதிரி". பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் இன்றும் இந்த வழிதான்.

இங்கிலாந்தில் 1795இல் சார்ல்ஸ் ஹட்டன் ஒரு கணித அகராதி வெளியிட்டார். அதில் இரண்டு பெயரும் இடம் மாறி இருக்கின்றன. ஏன் மாற்றினார் என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. மனிதர் சாதாரண ஆள் இல்லை. நியூகாசிலில் சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு உல்விச் ராணுவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனவர். ஸ்காட்லாந்தில் ஒரு மலையை அளந்து எடுத்த கணக்குகளை வைத்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டவரும் அவரே. அவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். கேட்டார்கள். பிரிட்டன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கா திரும்பவில்லை. நம் பாடப்புத்தகம் பிரிட்டன் வழி வந்தது.

உங்கள் மகளும் சரி, மருமகனும் சரி. யாரும் தோற்கவில்லை.

கரையாம்புத்தூரான்:
ஒரே ஒரு அகராதி ஒரு கண்டத்தையே மாற்றியது என்பது கதை மாதிரி இருக்கிறது சார். கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
போடுங்கள். ஹட்டனுக்கு முன்னாலும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆட்டம் கண்டுகொண்டுதான் இருந்தது. யூக்ளிடின் "மிச்சம் மீதி" பொருளை வைத்துக்கொண்டால் இணையில்லாததையும் டிரபீசியம் என்று சொல்லலாம் அல்லவா? ஆக அவர் முழுக்கத் தப்புச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பழி அவர் மேல் நின்றுவிட்டது.

வன்னிமகள்:
நல்ல இழை. இலங்கையில் நாங்கள் படித்ததும் சரிவகம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் நாற்கரம் என்கிறீர்கள், எங்களுக்கு அது நாற்பக்கல். முக்கோணம் எங்களுக்கு முக்கோணி. நீங்கள் ஆரம் என்பது எங்களுக்கு ஆரை. கனசதுரம் என்று முதல்தடவை கேட்டபோது எனக்கு விளங்கவே இல்லை, நாங்கள் சதுரமுகி என்போம். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் சொல்லிச் சிரிக்கிறோம், பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் இதே கூத்துதான்.

வேர்ச்சொல் பித்தன்:
சதுரமுகி அழகான சொல், நன்றி அக்கா. நீங்கள் நாற்கரம் என்று எடுத்துச் சொன்னதும்தான் எனக்கு உறைக்கிறது. கரம் என்றால் கை. இணைகரம், நாற்கரம் எல்லாம் வடமொழிச் சதுர்புஜம் போன ரூட்டில் போனவை. புஜமும் கைதான். கிரேக்கர் உருவத்தைப் பார்த்தால் கால் தெரிகிறது. டிரபீசியத்தில் கால், இருசமபக்க முக்கோணத்துக்கு அவர்கள் வைத்த ஐசோசிலிஸ் என்ற பெயரிலும் "சமமான கால்" (ஸ்கெலோஸ் என்றால் கால்). நம் பக்கம் பார்த்தவர்களுக்குக் கை தெரிகிறது. கர்ணம் வேறு இருக்கிறது, அது காது!

சங்கிலிக்காரர்:
மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் மனைக்கு வரவில்லையே. இருபத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவன் சொல்கிறேன், இந்த வடிவத்துக்குத் தமிழ்நாட்டில் பாடப்புத்தகம் படிக்காதவர்களும் புழங்கும் பெயர் இருக்கிறது. தெருப்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்றால் பசுமுக மனை. கோமுகம் என்றும் சொல்வார்கள். தெருப்பக்கம் அகன்று பின்னால் குறுகினால் சிங்கமுக மனை. பசுமுகத்தில் வீடு கட்டலாம், சிங்கமுகம் கடைக்கு ஆகும் என்று வாஸ்துக்காரர்கள் ஒரு விலை வித்தியாசமும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. பெயர் மட்டும் பிடிக்கும். ஒரே சரிவகம், தெரு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து பசுவாகவோ சிங்கமாகவோ மாறும். யூக்ளிடுக்குத் தெருவே கிடையாது.

இன்னொன்று. கிரயப் பத்திரத்தில் நான்கு பக்கத்தையும் அடிக்கணக்கில் எழுதிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, இரண்டு சராசரியையும் பெருக்கி "மொத்தம் இத்தனை சதுர அடி" என்று போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மகா தப்பு. எப்போதும் கூடத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும்.

நானே மாட்டிக்கொண்ட கணக்கு இது. முகப்பு 40 அடி, பின்பக்கம் 60 அடி, இரண்டும் இணை. ஒரு பக்கச் சுவர் முகப்புக்கு நேர்குத்து, 50 அடி. அப்படியென்றால் சாய்ந்த சுவர் 53.85 அடி. சராசரிக் கணக்கில் 50 x 51.93, கிட்டத்தட்ட 2,596 சதுர அடி. சரிவகச் சூத்திரத்தில் 100ஐ பாதியாக்கி 50ஆல் பெருக்கினால் 2,500. இல்லாத 96 சதுர அடிக்கு நான் காசு கொடுத்தேன். அப்போது சர்வே வேலையில் சேர்ந்து ஆறு மாசம்தான். விற்றவரும் நல்ல மனிதர், அவர் வாங்கும்போதும் அதே கணக்குத்தான் போட்டிருந்தார்கள்.

சும்மா ஒருத்தன்:
பசுமுகம் என்று நினைத்து வாங்கினீர்கள், கையில் வந்தது திருமுகம்.

சங்கிலிக்காரர்:
தம்பி, காயம் ஆறிவிட்டது. நீங்கள் கிளற வேண்டாம்.

சாலிவாகனன்:
மன்னிக்கவும், கிரேக்கம் கிரேக்கம் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். வேள்வி மேடைகளை அளந்து கட்டும் முறையைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்களில் சோம வேள்விக்கான மகாவேதி என்ற மேடை சரிவகம்தான். மேற்குப் பக்கம் 30, கிழக்குப் பக்கம் 24, நீளம் 36 பதம். பரப்பு 972 என்று அவற்றில் ஒன்றை எழுதிய ஆபஸ்தம்பர் சொல்லி, ஏன் அப்படி வருகிறது என்றும் காட்டுகிறார். ஒரு பக்கத்து முக்கோணத் துண்டை வெட்டித் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் ஒட்டினால் 27க்கு 36 செவ்வகம் ஆகிவிடும். யூக்ளிடிடம் கடன் வாங்க நமக்கு என்ன தேவை?

கரையாம்புத்தூரான்:
வந்துவிட்டது. "எல்லாம் எங்ககிட்ட அப்பவே இருந்துச்சு."

சாலிவாகனன்:
இருந்ததைத்தானே சொல்கிறேன்? 30, 24, 36. கூட்டிப் பாருங்கள்.

இழைக்காவலர்:
இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாக. தகவல் நல்ல தகவல். கேள்வி பெயரைப் பற்றியது, யார் முந்தி என்பதைப் பற்றியது இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சாலிவாகனன் சொன்ன எண்கள் சரி. பெயருக்கும் அதில் தீனி இருக்கிறது, அதை அவர் விட்டுவிட்டார். மகாவேதியின் நான்கு மூலைகளுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? அகன்ற மேற்குப் பக்கத்து மூலைகள் இரண்டும் சுரோணி, அதாவது இடுப்பு. குறுகிய கிழக்குப் பக்கத்து மூலைகள் அம்சம், அதாவது தோள். கிழக்கே தலைவைத்துப் படுத்திருக்கும் ஓர் உடம்பாக அதைப் பார்த்திருக்கிறார்கள்.

பிற்கால வடமொழிக் கணித நூல்களிலும் அதே பழக்கம். 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியை எடுத்துக்கொண்டால் கீழ்ப்பக்கம் பூமி, மேல்பக்கம் முகம், சாய்ந்த பக்கங்கள் புஜம், நடுவில் இறங்கும் செங்குத்து லம்பம். இந்தியில் இன்றைக்குச் சரிவகத்துக்குச் சமலம்ப் என்று பெயர், எங்கே குத்துக்கோடு இறக்கினாலும் ஒரே உயரம் என்ற பொருளில். தெலுங்கிலும் சமலம்ப சதுர்புஜம், மலையாளத்தில் லம்பகம். கன்னடக்காரர்கள் மட்டும் திராபிஜ்ய என்று கிரேக்க ஒலிக்கு வேட்டி கட்டிவிட்டார்கள்.

சங்கிலிக்காரர் ஐயாவின் பசுமுகத்தில் வரும் முகமும் லீலாவதியின் முகமும் ஒரே கண்ணால் பார்த்தவை என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்கச் சொன்னால் ஓடிவிடுவேன்.

சாலிவாகனன்:
இடுப்பும் தோளும் எனக்கே தெரியாது. நன்றி ஐயா. நான் எண்களிலேயே நின்றுவிட்டேன்.

மணிக்கட்டு:
பிசியோதெரபி படிக்கிறேன். எங்களுக்கு டிரபீசியமும் வேண்டும், டிரபிசாய்டும் வேண்டும், இரண்டும் மணிக்கட்டில் பக்கத்துப் பக்கத்து எலும்புகள். கட்டைவிரலுக்கு அடியில் இருப்பது டிரபீசியம், அதை ஒட்டி ஆள்காட்டி விரல் பக்கம் டிரபிசாய்டு. மாற்றி எழுதினால் மார்க் போகும். இங்கே அமெரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் கிடையாது, எலும்பு எலும்புதான்.

பிறகு முதுகில் டிரபீசியஸ் தசை. பின்மண்டையிலிருந்து இரண்டு தோளுக்கும் விரிந்து, நடு முதுகில் முனையாக இறங்கும். இடது வலது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாலு மூலை வருகிறது, ஆனால் பட்டம் மாதிரி, எந்தப் பக்கமும் இணை இல்லை. இவ்வளவு நாள் இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று குழம்பியிருந்தேன். வாத்தியார் சொன்ன யூக்ளிடின் கூடையை வைத்தால் ஒத்துவருகிறது.

ஊர்சுற்றி:
ஏதென்ஸ் போயிருந்தபோது கட்டடத்துக்குக் கட்டடம் "திராபெசா" என்று பலகை. ஓட்டல் என்று நினைத்து உள்ளே போகப் பார்த்தேன், வங்கி! பழங்காலத்தில் காசு மாற்றுகிறவர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருப்பார், அந்த மேசையே தொழிலுக்குப் பெயராகி இன்றைக்கும் நிற்கிறது. இத்தாலிக்காரர் உட்கார்ந்தது பாங்கா, அதாவது பெஞ்சு. நம் ஊர் "பேங்க்" அந்தப் பெஞ்சிலிருந்து வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பாசியோன் என்று ஒருவர், மேசைக்காரர் இருவரிடம் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, அந்த மேசையையே நடத்தி, கடைசியில் குடியுரிமையும் வாங்கியவர்.

துருக்கியில் கருங்கடல் ஓரம் டிராப்சோன் என்ற ஊர். பழைய பெயர் திராபெசூஸ். மேசை மாதிரி உச்சி தட்டையான மேட்டில் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ரஷ்ய மடங்களில் திராபெசா என்றால் சாப்பாடு. சர்க்கஸில் தொங்கும் டிரபீஸ் பாரும் இதே குடும்பம். அதில் மட்டும் வடிவம் நேராகத் தெரிகிறது, மேலே கூரை, இரண்டு பக்கம் கயிறு, கீழே கம்பி. 1859இல் பாரிஸில் ழூல் லியோதார் அதில் பறந்து காட்டினார். உடம்போடு ஒட்டிய அந்த உடுப்புக்கும் அவர் பெயர்தான்.

சும்மா ஒருத்தன்:
மேசை, வங்கி, சாப்பாடு, சர்க்கஸ். எங்கள் ஆபீசையே சொல்லிவிட்டீர்கள்.

கடல்தாண்டி:
அமெரிக்காவில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பாளைக்காரன் அண்ணா, உங்கள் தங்கை மகனிடம் அடுத்த சண்டைக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: செவ்வகம் டிரபிசாய்டா? எங்கள் ஆசிரியர் அறையில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. "ஓரிணை மட்டுமே இணையாக இருக்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. "குறைந்தது ஓரிணை" என்பது மறு கட்சி. பின்னதை ஏற்றால் இணைகரம், செவ்வகம், சதுரம் எல்லாமே டிரபிசாய்டு ஆகிவிடும். நான் மறு கட்சி. வளைகோட்டுக்குக் கீழே பரப்புக் காண அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சரிவகங்களாகக் கூட்டுகிறோம் அல்லவா? ஒரு கீற்றில் இரண்டு பக்க உயரமும் சமமாகிவிட்டால் அது செவ்வகம். "நீ சரிவகம் இல்லை, வெளியே போ" என்று சூத்திரம் சொல்வதில்லை.

பாபிலோனியர்கள் இதை வானத்துக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2016இல் மாத்தியூ ஓசன்டிரைவர் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. வியாழன் கிரகம் முதல் நாள் 12 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) நகர்கிறது, வேகம் சீராகக் குறைந்து 60ஆம் நாள் ஒன்பதரைக் கலை. 60 நாளில் மொத்தம் எவ்வளவு என்பதற்கு, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி அறுபதால் பெருக்கி 10 பாகை 45 கலை என்று களிமண்ணில் எழுதியிருக்கிறார்கள். சங்கிலிக்காரர் மனைக்குப் போட்ட அதே சூத்திரம், பக்கங்களுக்குப் பதில் வேகம்.

அப்புறம் ஒரு குசும்பு. இந்தியாவில் படித்தபோது வடிவத்தை டிரபீசியம் என்று சொல்லிக்கொடுத்த அதே கல்லூரியில் இந்த முறையை "டிரபிசாய்டல் ரூல்" என்றார்கள். இங்கிலாந்துப் பள்ளியில் டிரபீசியம் ரூல். நாம் வடிவத்துக்கு ஒரு ஊர், விதிக்கு ஒரு ஊர்.

கரையாம்புத்தூரான்:
சரிவகம் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, நான் சொல்கிறேன். செவ்வகத்தின் அச்சில் வார்த்த சொல், சரிவு + அகம். ஆனால் இணைகரத்திலும் பக்கம் சரிந்துதானே இருக்கிறது? சாய்சதுரத்திலும்? சரிவு இதன் தனி அடையாளம் இல்லையே.

வன்னிமகள்:
பெயர் வரையறை இல்லையே அண்ணா. மரங்கொத்தி மரத்தை மட்டுமா கொத்துகிறது?

வேர்ச்சொல் பித்தன்:
அதோடு, மற்ற பெயர்களின் யோக்கியதையையும் பாருங்கள். கிரேக்கம் நாலு கால் என்றது, எல்லா நாற்கரத்துக்கும் நாலு உண்டு. அரபியில் ஷிப்ஹ் முன்ஹரிஃப், "கோணலானது மாதிரி". சீனத்தில் ஏணி வடிவம், அது மட்டும் பொருத்தம், மேலே போகப் போகக் குறுகும் பழைய மர ஏணி. இந்த வரிசையில் சரிவகம் ஒன்றும் தலைகுனிய வேண்டியதில்லை. குளத்தங்கரையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: மேலே நடைபாதை, கீழே அகலமான அடி, இரண்டு பக்கமும் சரிவு. கண்மாய் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சங்கிலிக்காரர்:
கரைக்கு மண் கணக்குப் போடுவதும் அப்படித்தான். மேலகலம், அடியகலம், உயரம். இதில் மட்டும் சராசரி சரியாக வரும், ஏனென்றால் உயரத்தை நேர்குத்தாகத்தான் அளப்போம்.

பாளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, பஞ்சாயத்து மறுபடி கூடியது. நாற்காலிக் கதையைச் சொன்னேன். மகள் உள்ளே போய் அடுப்படியில் இருக்கும் பழைய மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகை சின்னது, நாலு காலும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். கேமரா முன்னால் வைத்து "முன்னாலிருந்து பாரு" என்றாள். மேலே பலகை, கீழே தரை, இரண்டு பக்கம் கால். அச்சு அசல் சரிவகம். பலகை 12 அங்குலம், கால்களுக்கு இடையே தரையில் 17, உயரம் 18. பரப்பு 261 சதுர அங்குலம் என்று அங்கேயே போட்டுக் காட்டினாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
யூக்ளிட் இதை நினைத்திருக்கமாட்டார். ஆனால் உங்கள் மகளுக்கு முழு மார்க்.

பாளைக்காரன்:
இருங்கள் சார், முடியவில்லை. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. அடியில் காலண்டர் அட்டையை மடித்து வைத்திருப்போம். இவள் தூக்கி வந்ததில் அட்டை விழுந்துவிட்டது. அங்கே பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆடுதே, பலகையும் கால் நுனியும் பேரலல் இல்லையே. அப்போ இது டிரபீசியம்தான், எங்க ஊர் டிரபீசியம்" என்றான். இவள் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய் அட்டையை எடுத்து வந்து காலடியில் செருகிவிட்டு, "இப்போ?" என்றாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இப்போது இங்கே டிரபீசியம், அங்கே டிரபிசாய்டு. அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.